ஒற்றை இருக்கை வண்டி

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நலம். அங்கே அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பதினோரு வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்து உறையைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பீர்கள். திறந்துவிட்டதால் மேலே எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் குரல் உயரும். எழுதினால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். தவிர, இது வேலை விஷயம். வரைபடமும் மாதிரியும் எப்படியும் தபாலில்தான் வர வேண்டும்.

என் பழைய மோட்டார் சைக்கிளைத் திரும்பப் பூட்டப் போகிறேன். கியர் நழுவுகிறது என்று நான் பிரித்துப் போட்டது உங்கள் குடும்பத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அன்றிலிருந்து அது என் முன்னறையில் பதினேழு டப்பாக்களில் இருக்கிறது. அதைச் செய்த கம்பெனியை மூடி முப்பது வருடம் ஆகிறது. உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடையாது. ஒவ்வொன்றையும் ஒன்றே ஒன்றாகச் செய்துதான் எடுக்க வேண்டும். இங்கே நான்கு லேத் பட்டறைகளில் கேட்டுவிட்டேன். 'நூறு பீஸ்னா சொல்லுங்க சார்' என்கிறார்கள். ஒருவன், 'இதுக்குப் புது வண்டியே வாங்கிக்கலாமே சார்' என்று எனக்குப் புத்தி சொன்னான். என் பழைய மாணவன். அவனுக்கு நான் பாஸ் மார்க் போட்டிருக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்தவர்களில் ஒற்றைப் பீஸை மதித்துச் செய்கிறவர் நீங்கள் ஒருவர்தான். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. உண்மை என்பதால் எழுதுகிறேன்.

கிக் ஷாஃப்ட் உள்ளே ஓடும் புஷ் வளையம் ஒன்று வேண்டும். கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் அலுமினியத் துண்டு உடைந்து போயிருக்கிறது, அது ஒன்று. பெட்ரோல் டேங்க் மூடி ஒன்று. வரைபடங்கள் மூன்றும் இத்துடன். அளவுகளை மில்லிமீட்டரில் இரண்டு தசமம் வரை கொடுத்திருக்கிறேன்.

கல்லூரியில் எனக்கு இன்னும் அதே நாற்காலிதான். எனக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்தவர் இப்போது துறைத் தலைவர். அது வேறு கதை.

அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
விரிவுரையாளர், இயந்திர வரைபடத் துறை


பிப்ரவரி 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ரத்தக் கொதிப்பு ஏதாவது வந்துவிட்டதா? கோபக்காரர்களுக்குச் சீக்கிரம் வரும் என்பார்கள். எனக்கு வந்துவிட்டது. நான் கோபக்காரன்கூட இல்லை.

கடிதத்தின் கீழே பதவியெல்லாம் போட்டிருந்ததைப் பார்த்து ஏதோ நோட்டீஸ் என்று பயந்துபோனேன். என் வீட்டுக்காரி வாங்கிப் படித்துவிட்டு, 'நம்ம மாப்பிள்ளை லெட்டர்தான், யாரையோ திட்டியிருக்காரு பாருங்க' என்றாள். அப்புறம்தான் உயிர் வந்தது.

வரைபடங்களைப் பார்த்தேன். கோடு ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் புஷ்ஷின் உள்விட்டம் 19.40 என்று போட்டிருக்கிறீர்கள். அது தேய்ந்த புஷ்ஷின் அளவு, மாப்பிள்ளை. தேய்ந்ததை அளந்து புதிது செய்தால் புதிதும் தேய்ந்துதான் பிறக்கும். அதற்குள் ஓடுகிற ஷாஃப்ட்டை அனுப்புங்கள், அதை வைத்துத்தான் அளவு பிடிக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் மகள் வேலைக்குப் போகிறாள். பக்கத்து வீட்டு நாய்கூட நலம். என் தங்கை, எங்கள் பாப்பா, உங்கள் வீட்டை விட்டு வந்து எங்களோடு இருக்கத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. அவளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு எழுத்து இல்லை. அதனால் நானும் எழுதவில்லை.

ஒரு சந்தேகம். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் உங்கள் பட்டியலில் இல்லையே. வேண்டாமா?

அன்புடன்,
மச்சான்


மார்ச் 6

மைத்துனர் அவர்களுக்கு,

நலம். ஷாஃப்ட் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புஷ் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அத்தைக்குக் கண் தெளிவானதில் மகிழ்ச்சி.

'அனைவரும் நலமா' என்று நான் கேட்டது அனைவரையும் சேர்த்துத்தான். யாரையும் விட்டுவிட்டு நான் கேட்கவில்லை.

ஃபுட்ரெஸ்ட் வேண்டாம். கம்பெனி அதை ஒற்றை இருக்கை வண்டியாகத்தான் செய்தது. பின் சீட்டும் ஃபுட்ரெஸ்ட்டும் கல்யாணமான வருடம் நானாகச் சேர்த்தவை. இப்போது அசல் எப்படியோ அப்படியே பூட்டப் போகிறேன். தவிர, அந்த ஃபுட்ரெஸ்ட் என்னிடம் இல்லை. நீங்கள் வேன் எடுத்துக்கொண்டு அவளுடைய சாமான்களை ஏற்ற வந்த அன்று காலையில் ஆறாவது டப்பாவில் இருந்தது. மாலையில் இல்லை. உங்கள் ஆட்கள் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பார்கள். இதைப் பதினோரு வருடமாக நான் கேட்கவில்லை. கேட்காததால் மறந்துவிட்டேன் என்று ஆகாது.

அதற்கு முன்னால் நடந்ததும் மறக்கவில்லை. உங்கள் தகப்பனார் சாப்பாட்டு மேஜையில் பன்னிரண்டு பேர் முன்னால் என்னைக் காட்டி, 'மாப்பிள்ளை வரைவாரு, செய்ய மாட்டாரு' என்றார். நீங்கள் சிரித்தீர்கள். வாயில் இருந்த தண்ணீர் புரையேறும் வரை சிரித்தீர்கள்.

புஷ் எப்போது கிடைக்கும் என்று எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் எல்லோரும்.

புஷ் இத்துடன் வருகிறது. கன்மெட்டல் வெண்கலத்தில் கடைந்தேன். விரலால் அழுத்தினால் ஷாஃப்ட்டில் ஏற வேண்டும், விட்டால் தானாக விழக் கூடாது. சுத்தியலைத் தொடாதீர்கள்.

நான் சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தின நிமிடம் அப்பா என்னைக் காட்டி, 'இவன் செய்வான், எதுக்குச் செய்யறோம்னு தெரியாது' என்றார். அதற்கு நீங்கள் சிரித்தீர்கள். அது உங்களுக்கு நினைவிருக்காது, உங்களைப் பற்றியது இல்லையே.

அடுத்த வாரம் அப்பா படுத்துவிட்டார். செய்தி வந்தபோது உங்கள் வண்டி பிரித்துக் கிடந்தது. வண்டி இருந்திருந்தால் மூன்று மணி நேரம். பாப்பா மூன்று பஸ் மாறி ஐந்து மணி நேரத்தில் வந்தாள். அப்பா உயிர் போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வண்டி பழுதாவது யார் கையிலும் இல்லை, அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் நீங்கள் வரவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். ஃபுட்ரெஸ்ட்டை எங்கள் ஆட்கள் யாரும் தொடவில்லை. அன்றைக்கு வேனில் ஏறியது அவளுடைய துணிப் பெட்டியும் இரண்டு பாத்திர மூட்டையும்தான்.

பாப்பா இப்போது மருந்துக் கடை ஒன்றில் இருக்கிறாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. முழங்கால் போய்விட்டது. மத்தியானம் சாப்பிட வரும்போது பட்டறையில் வந்து கொஞ்சம் உட்காருவாள். போன வாரம் உங்கள் அலுமினியத் துண்டை மெஷினில் ஏற்றியிருந்தேன்.

'இது எந்த வண்டிக்கு?' என்றாள்.

'ஒரு வாத்தியார் வண்டிக்கு.'

மெஷின் பக்கம் குனிந்து பார்த்தாள். 'ஓடுமா?'

'நான் நல்லாத்தான் செஞ்சு தரேன். வாத்தியார் ஒழுங்கா பூட்டினா ஓடும்.'

'அப்ப ஓடாது' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்புடன்,
மச்சான்


ஏப்ரல் 11

மச்சானுக்கு,

நலம். புஷ் வந்தது. நீங்கள் சொன்னபடியே விரலால் ஏறியது. பத்து நிமிடம் அதை ஏற்றியும் இறக்கியும் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சினின் கீழ்ப்பாதி முழுவதும் பூட்டியாகிவிட்டது. பதினேழு டப்பாவில் எட்டு காலி. முன்னறையில் இப்போது ஒரு நாற்காலி போட இடம் இருக்கிறது. போட்டிருக்கிறேன். யாரும் வருவதில்லை, நானே உட்கார்ந்துகொள்கிறேன்.

நீங்கள் சொன்ன சாப்பாட்டு மேஜை விஷயம் எனக்கு நினைவில்லை. நடந்திருக்காது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

பிஸ்டன் வளையங்களில் ஒன்றின் இடைவெளி 0.05 அதிகமாக இருக்கிறது. மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. வால்வுகளை நானே தேய்த்துப் பதித்தேன். பெட்ரோல் ஊற்றி வைத்துப் பார்த்ததில் மறுநாள் வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிளட்ச் தட்டுகளுக்குக் கார்க் கிடைத்துவிட்டது.

'அப்ப ஓடாது' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எழுத மாட்டேன். நீங்கள் பேச்சை அப்படியே எழுதியதால் குரலும் கேட்டது. முதல் வார்த்தையை இழுத்துவிட்டு இரண்டாவதை வெட்டியிருப்பாள், அப்படித்தானே?

எந்த முழங்கால் என்று நீங்கள் எழுதவில்லை. கடையில் ஒரு ஸ்டூல் போடக் கூடாதா? முதலாளியிடம் நீங்கள் சொன்னால் கேட்க மாட்டாரா? டாக்டர் என்ன சொல்கிறார்?

அலுமினியத் துண்டுக்கு அவசரம் இல்லை.

உங்கள்,
மாப்பிள்ளை


மே 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். பதில் தாமதம். பட்டறையில் மோட்டார் புகைந்துவிட்டது, அதைச் சுற்றிக் கட்டவே மூன்று வாரம் ஓடிவிட்டது. அலுமினியத் துண்டு இத்துடன். முதல் இரண்டும் கெட்டுப்போயின. ஒன்றில் கடையும்போது உள்ளே காற்றுக்குழி தெரிந்தது, இன்னொன்றில் என் கை அவசரப்பட்டது. மூன்றாவதுதான் தேறியது. மூடியும் இருக்கிறது. திருகிப் பாருங்கள், கடைசிச் சுற்றில் லேசாகப் பிடிக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் முக்கால் பக்கம் பிஸ்டனும் வால்வும். கடைசி நான்கு வரி முழங்கால். எதற்காகக் கடிதம் எழுதினீர்கள் என்று தெரிந்துகொள்ள நான் பாலிடெக்னிக் படிக்க வேண்டியதில்லை.

இடது முழங்கால். ரொம்ப மடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்டூல் போட்டாகிவிட்டது. அவளே சண்டை போட்டு வாங்கிவிட்டாள்.

நேற்று நேராகவே கேட்டேன். 'அவருக்கு எழுதப் போறேன். ஏதாவது சொல்லணுமா?'

'என்ன சொல்ல? அவர் என்கிட்ட எதுவும் கேக்கலையே' என்றாள்.

அன்புடன்,
மச்சான்


மே 29

மச்சானுக்கு,

நலம். துண்டு பொருந்தியது. மூடி நீங்கள் சொன்ன இடத்தில் பிடிக்கிறது.

ஒரு வரைபடம் இணைத்திருக்கிறேன். பின் ஃபுட்ரெஸ்ட். வேண்டாம் என்று எழுதியவன் நான்தான், அதைச் சுட்டிக்காட்டி நீங்கள் எழுத வேண்டாம். ஒருபக்கமாக உட்காருகிறவர் இரண்டு பாதத்தையும் வைக்கும் தட்டு அது. இடப்பக்கம் சேஸியில் இரண்டு போல்ட்டில் நிற்கும். சேஸி இப்போது பெயின்டரிடம் இருக்கிறது. அதனால் இரண்டு துளைகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை நினைவிலிருந்து போட்டிருக்கிறேன். 62. எனக்கு எதுவும் மறப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

உட்காரும் இடத்திலிருந்து தட்டு வரை உயரம் நாற்பத்தொரு சென்டிமீட்டர். இதற்கு வரைபடம் தேவையில்லை. அவளைச் சமையலறை ஸ்டூலில் உட்காரவைத்து நான் அளந்தது. கீழே குனிந்து டேப்பைப் பிடித்தபோது, 'கால் அளவு எடுக்கறீங்களே, செருப்பு தைக்கப் போறீங்களா?' என்று கேட்டாள். கையில் மாவு. என் தலையில் கொஞ்சம் கொட்டியது, வேண்டுமென்றேதான் கொட்டினாள். கல்லூரிப் பட்டறையில் நாலு நாள் மாலை இருந்து அதைச் செய்தேன். அதற்கு முன்போ பின்போ என் கையால் முழுதாகச் செய்த பொருள் வேறு கிடையாது. மற்றதெல்லாம் வரைந்ததுதான்.

செய்யும்போது அவள் பட்டறையில் இருந்தால், எதற்கு என்று சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

உங்கள்,
மாப்பிள்ளை


ஜூன் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். அம்மா உங்களைக் கேட்டார்.

ஃபுட்ரெஸ்ட் உங்கள் வரைபடப்படி செய்து அனுப்பியிருக்கிறேன். பழைய இரும்பு, கறுத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாக்குத் துணியில் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள்.

பட்டறையில் வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
மச்சான்


ஜூலை 5

மச்சானுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

சேஸி பெயின்டரிடமிருந்து வந்ததும் துளைகளை அளந்தேன். நடுத்தூரம் 70. நான் கொடுத்தது 62. எட்டு மில்லிமீட்டர் தவறு. மாணவன் செய்திருந்தால் தாளைக் கிழித்திருப்பேன். இனி உங்கள் உழைப்பு வீண், திருப்பி அனுப்பி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சாக்கைப் பிரித்து, சும்மா வைத்துப் பார்த்தேன். இரண்டு போல்ட்டும் கேட்காமலே உள்ளே போயின.

என் வரைபடப்படி செய்திருந்தால் அது பொருந்தியிருக்காது.

திருப்பிப் பார்த்தேன். துளை போடுவதற்கு முன்னால் இடத்தைக் குறிக்க ஒரு புள்ளி குத்துவோமே, அந்தப் புள்ளி ஒன்று தள்ளி விழுந்து, பிறகு சரியான இடத்தில் இன்னொன்று குத்தியிருந்தது. அந்தத் தப்புப் புள்ளி என்னுடையது. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் குத்தியது. அந்தப் பழைய ஃபுட்ரெஸ்ட் இரும்புக்காரனிடமும் போகவில்லை, உங்கள் ஆட்களும் எடுக்கவில்லை. இத்தனை வருடம் உங்கள் மேல் பழி வைத்திருந்தேன். அவளுடைய துணிப் பெட்டியில் இருந்திருக்கிறது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது.

இப்போது நான் எழுதப்போவதை நீங்கள் அவளிடம் படித்துக் காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். அன்று கியர் நழுவவில்லை, மச்சான். வண்டியில் எந்தப் பழுதும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறும் வரை காத்திருந்து பிரித்தேன். அடுத்த ஞாயிறு நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. மாமா சொன்னதற்குப் பிறகு அந்த மேஜையில் மறுபடி உட்கார எனக்கு மனமில்லை. வண்டி இல்லை என்றால் போக வேண்டியதில்லை. அவ்வளவுதான் என் கணக்கு. செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, தரையில் கிடந்த எஞ்சினைப் பார்த்தாள். 'நீங்க வர்றீங்களா?' என்று கேட்டாள். பஸ்ஸில் கூட வருவதைத்தான் கேட்டாள். கூடப் போயிருக்கலாம். 'இதை இப்படிப் போட்டுட்டு எப்படி வர்றது?' என்றேன். கதவை மெதுவாகத்தான் சாத்திக்கொண்டு போனாள்.

பிறகு எந்த முகத்தோடு வருவது? அதைக் கோபமாக மாற்றிக்கொண்டேன். எனக்கு அது எளிது. அந்தத் துறைக்கு நான்தான் தலைவர்.

நீங்கள் சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மற்றபடி உங்களிடம் எனக்குக் குறையில்லை.

உங்கள்,
மாப்பிள்ளை


செப்டம்பர் 18

நலம். நீங்கள் நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

அண்ணன் உங்கள் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு, 'இது எனக்கு எழுதினது இல்ல, நீயே படிச்சுக்க' என்று என் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு மாதமாகக் கடைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்திருந்தேன். பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

உங்கள் ஃபுட்ரெஸ்ட் வரைபடம் பட்டறை மேஜையில் கிடந்தது. துளைத் தூரம் தப்பு என்று பார்த்ததும் தெரிந்தது. அது என் பெட்டிக்குள் இருந்த பொருள்தானே. எடுத்து வந்து மேஜையில் வைத்து, 'இதை அனுப்பு, செஞ்சேன்னு சொல்லு' என்றேன். நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்குத்தான் தெரியவில்லை.

வண்டியில் பழுது இல்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். முந்தின நாள் அதில்தானே கடைத்தெருவுக்குப் போய் வந்தோம். பன்னிரண்டு வருடம் பின்னால் உட்கார்ந்தவளுக்கு அதன் சத்தம் தெரியாதா? நீங்கள் பிரித்ததற்காக நான் போகவில்லை. அப்பாவைப் பார்க்க முடியாமல் போனதற்காகக்கூட இல்லை. நான் அங்கிருந்து திரும்பி வந்தபோது, வருகிறவர்களிடமெல்லாம் கியர் நழுவிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பதினைந்தாம் நாள் என்னிடமே சொன்னீர்கள், எந்தப் பல் எப்படித் தேய்ந்தது என்று தாளில் வரைந்து காட்டி. அன்று சாயந்திரம்தான் அண்ணனை வேன் எடுத்து வரச் சொன்னேன்.

ஃபுட்ரெஸ்ட்டை ஏன் எடுத்தேன் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கோபத்தில் நீங்கள் அதை இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுவீர்கள் என்று எடுத்தேன். அந்த வீட்டில் என்னை அளந்து எனக்காகச் செய்த பொருள் அது ஒன்றுதான். இரண்டு புடவையில் துருக்கறை. போகவே இல்லை.

அப்பா சொன்னது தப்பு. நீங்கள் செய்ததன் மேல் கால் வைத்துத்தான் ஒவ்வொரு தடவையும் அப்பா வீட்டு வாசலில் நான் வந்திறங்கினேன். மேஜையில் அதை நான் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் பங்கு.

இப்போது அளவு மாறிவிட்டது. கடை ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணியை டேப் பிடிக்கச் சொன்னேன். நாற்பத்தொன்றில் இடது முழங்கால் வலிக்கிறது. நாற்பத்தைந்தில் வலிக்கவில்லை. அண்ணனுக்கு அனுப்ப வேண்டாம், நீங்களே செய்யுங்கள்.

வருகிறேன் என்று எழுதவில்லை. அளவைத்தான் எழுதியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


செப்டம்பர் 30

எப்படி அழைத்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்துவிட்டேன். பழைய மாதிரி அழைக்க இன்னும் உரிமை வரவில்லை. அதனால் அந்த இடத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான்கு சென்டிமீட்டர் இறக்குவதற்கு இரண்டு துணைத் தட்டு செய்ய வேண்டியிருந்தது. கல்லூரிப் பட்டறையில் இருக்கிறவர், 'நான் அடிச்சுத் தரேன், நீங்க வரைஞ்சு மட்டும் குடுங்க சார்' என்றார். வரையவே இல்லை என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். முதல் தட்டில் துளை ஒரு மில்லிமீட்டர் விலகிவிட்டது, தூக்கி எறிந்தேன். ஐந்து நாள் மாலை ஆனது. முன்பு நான்கு நாளில் முடித்தேன். பழைய தட்டின் அடியில் இருக்கும் தப்புப் புள்ளியை நிரப்பிவிடலாமா என்று யோசித்து, அப்படியே விட்டுவிட்டேன்.

வண்டி ஓடுகிறது. நான்கு உதை வரை சத்தமே இல்லை, நீ சொன்ன 'அப்ப ஓடாது'தான் காதில் இருந்தது. ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி உன்னிடம் எழுதித் தெரிய வேண்டியதில்லை. முன்னறையில் இப்போது டப்பா ஒன்றுகூட இல்லை. இடம் தேவைக்கு மேல் பெரிதாகத் தெரிகிறது.

கியர் விஷயம் வருகிறவர்களிடம் சொல்லியிருந்தேன் அல்லவா. அதைக் கேட்டவர்களில் இன்னும் இந்த ஊரில் இருப்பவர்கள் நான்கு பேர். மூன்று பேரைப் பார்த்து அது பொய் என்று சொல்லிவிட்டேன். இருவருக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே புரியவில்லை. நான்காவது ஆள் என் துறைத் தலைவர். அவரிடமும் சொல்ல வேண்டும். கொஞ்சம் அவகாசம் கொடு.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்புகிறேன். தனியாகத்தான் வருவேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் போயிருக்க வேண்டிய வழி அது. பத்து மணிக்குள் உங்கள் பட்டறை வாசலில் இருப்பேன். அத்தையிடம் நானே பேசிக்கொள்கிறேன். மச்சானிடம் சொல், சாப்பாட்டு மேஜையில் அவர் என்ன சொன்னாலும் முதலில் நான் சிரிக்கிறேன்.

பின் சீட்டைப் பூட்டியிருக்கிறேன். நீ ஏறுவாய் என்று நானும் எழுதவில்லை. அன்று உனக்குக் கடை இருந்தால் வாசலில் வண்டியை நிறுத்துகிறேன், உட்கார்ந்து அளவு சரியா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.

ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தட்டு நான்கு சென்டிமீட்டர் இறங்கியதால், வண்டி இடப்பக்கம் சாயும்போது அதன் நுனி தரையில் உரசும். அதற்கு வழியில்லை, அளவு உன்னுடையது. இடப்பக்கம் திரும்பும் இடங்களில் எல்லாம் மெதுவாக ஓட்டுகிறேன்.